சர்வ்லெட்டில் கிடைக்கிற பீன் ஹெல்பர் கிளாஸில் ஏன் கிடைப்பதில்லை?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சாஃப்ட்வேரைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் கேட்டிருப்பது இது. ஆர்டருக்கு விலை போடுகிற ஸ்டேட்லெஸ் ஈஜேபி ஒன்று இருக்கிறது (ஈஜேபி என்பது ஜாவா சர்வருக்குள் ஓடி பிசினஸ் வேலையைச் செய்கிற 'பீன்', ஸ்டேட்லெஸ் என்றால் அழைத்தவரைப் பற்றி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத வகை). பிரவுசரிலிருந்து வருவதை வாங்கிப் பதில் தருகிற சர்வ்லெட்டில் @ஈஜேபி என்று ஒரு வரி போட்டு அழைத்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. சர்வ்லெட் ரொம்பப் பெரிதாகிவிட்டதே என்று பாதிக் கோடை ஒரு ஹெல்பர் கிளாஸுக்கு மாற்றி, அதே வரியை அங்கே போட்டால் நல்பாயின்டர் எக்ஸப்ஷன். சரி, ஜேஎன்டிஐ லுக்கப் செய்து, அதாவது சர்வரின் பெயர்ப் பட்டியலில் பெயரைச் சொல்லித் தேடி, எடுத்துக்கொள்ளலாம் என்று தேடினால் நெட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், எதைப் போட்டாலும் 'நேம் நாட் ஃபவுண்ட்'. சீனியர் ஒருவர் எல்லாவற்றையும் வேறு மெஷினிலிருந்தும் அழைக்கிற மாதிரி ரிமோட் இன்டர்ஃபேஸாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஈஜேபியையே எடுத்துவிட்டு, எச்டிடிபி வழியாக அழைக்கிற ரெஸ்ட் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது கடைசிக் கேள்வி.

நான்கு கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்தப் பீனை உண்டாக்குவது யார், அதை உங்கள் கோடின் கையில் கொடுப்பது யார்? இது பிடிபட்டால் நான்கும் அவிழ்ந்துவிடும். நான் 2003-லிருந்து கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இந்த வேலைதான் செய்கிறேன், அதிலும் பாதிக்கு மேல் திருப்பூர், கரூர் நிறுவனங்களின் ஆர்டர், உற்பத்தி சாஃப்ட்வேர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் லாக்கைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. ஈஜேபியை நீங்கள் 'நியூ' போட்டு உண்டாக்குவதில்லை, சர்வருக்குள் இருக்கும் கன்டெய்னர் உண்டாக்குகிறது. உங்கள் சர்வ்லெட்டில் வந்து உட்காருவதும் அந்தப் பீன் கிடையாது, பீனுக்கு முன்னால் கன்டெய்னர் வைத்த ஒரு ப்ராக்ஸி, அழைப்பை வாங்கி பீனுக்குக் கடத்துகிற இடையாள். அந்த ப்ராக்ஸியை யாருக்கெல்லாம் கொடுப்பது என்று கன்டெய்னருக்கு ஒரு கணக்கு உண்டு. பனியன் கம்பெனியில் பதிவேட்டில் பெயர் இருக்கிற ஆளுக்குத்தான் சனிக்கிழமை சம்பளக் கவர் வரும். யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்தவர் என்று கூட்டி வந்து மெஷினில் உட்காரவைத்த ஆள், வாரம் முழுக்க அதே டேபிளில் அதே வேலையைச் செய்திருந்தாலும், அலுவலகத்துக்கு அவரைத் தெரியாது. கன்டெய்னரும் அப்படித்தான். தான் உண்டாக்கிய ஆப்ஜெக்டுகளை மட்டும்தான் திறந்து பார்த்து, @ஈஜேபி இருக்கிற இடத்தை நிரப்பும். சர்வ்லெட், ஃபில்டர், லிசனர், இன்னொரு ஈஜேபி, சிடிஐ பீன் (ஜாவா ஈஈயின் சிடிஐ வசதி நிர்வகிக்கிற ஆப்ஜெக்ட்) எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருப்பவை. உங்கள் ஹெல்பரை நீங்களே சர்வ்லெட்டுக்குள் 'நியூ' போட்டு உண்டாக்கியிருப்பீர்கள். அதன் மேல் எழுதிய @ஈஜேபி யாருமே படிக்காத ஒரு சீட்டு, அவ்வளவுதான். எர்ரர்கூட வராது, ஃபீல்டு சும்மா 'நல்' ஆகவே இருக்கும், முதல் முறை அழைக்கும்போதுதான் வெடிக்கும்.

இதே காரணத்தால் நல் வருகிற இன்னும் சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த மாதம் நீங்களோ உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவரோ இதில்தான் மாட்டுவீர்கள். ஸ்டாடிக் ஃபீல்டில் போட்டால் சர்வ்லெட்டாக இருந்தாலும் நிரப்பப்படாது. கன்ஸ்ட்ரக்டருக்குள் பீனை அழைத்தால் நல்தான், ஏனென்றால் ஆப்ஜெக்ட் உண்டான பிறகுதான் இன்ஜெக்ஷன், அதாவது அந்த நிரப்புதல், நடக்கிறது. ஆரம்ப வேலை ஏதாவது இருந்தால் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போட்ட மெத்தடிலோ சர்வ்லெட்டின் இனிட்டிலோ செய்யுங்கள். ஜேஎஸ்பி பக்கத்தில் ஸ்க்ரிப்ட்லெட் எழுதி அதற்குள் @ஈஜேபி போடுவதும் பலிக்காது. அது ஒரு வகையில் நல்லதுதான், ஜேஎஸ்பியிலிருந்து பிசினஸ் பீனை நேராக அழைக்கவே வேண்டாம்.

சரி, ஹெல்பருக்கு என்ன செய்வது? எனக்குப் பிடித்த வழி எளிமையானது. சர்வ்லெட்டில் இன்ஜெக்ட் ஆகி வந்த பீனை ஹெல்பரின் கன்ஸ்ட்ரக்டருக்கு அனுப்பிவிடுங்கள். ஹெல்பருக்கு ஈஜேபி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரிய வேண்டியதில்லை, அதற்குத் தேவை விலை சொல்கிற ஒரு இன்டர்ஃபேஸ். டெஸ்ட் எழுதும்போது போலியாக ஒன்றைக் கொடுத்துச் சரிபார்க்கலாம், சர்வரை எழுப்பவே வேண்டாம். இரண்டாவது வழி, ஹெல்பரையே சிடிஐ பீன் ஆக்குவது: அதன் மேல் @ரெக்வெஸ்ட்ஸ்கோப்டு போட்டு, சர்வ்லெட்டில் 'நியூ' போடுவதை விட்டு @இன்ஜெக்ட் மூலம் ஹெல்பரை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது ஹெல்பரும் பதிவேட்டில் வந்துவிட்டது, அதற்குள் இருக்கும் @ஈஜேபி வேலை செய்யும். ஜாவா ஈஈ 6 சர்வராக இருந்தால் வெப்-இன்ஃப் ஃபோல்டரில் பீன்ஸ் டாட் எக்ஸ்எம்எல் என்ற காலி ஃபைலாவது வேண்டும், 7-லிருந்து அந்த ஸ்கோப் அனோட்டேஷன் இருந்தாலே போதும். மூன்றாவது வழி லுக்கப். அதை நான் கடைசியில்தான் தொடுவேன். பழைய ஃப்ரேம்வொர்க் ஒன்று தானே ஆப்ஜெக்டுகளை உண்டாக்கி, நீங்கள் எதையும் உள்ளே அனுப்ப இடமில்லாதபோது மட்டும்.

இன்னொரு கேஸ், இது உங்களுடையது இல்லை, ஆனால் இதே கேள்வியோடு வருகிற வேறொருவருக்கு ஆகும். சர்வ்லெட்டிலேயே நல் வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, வெப் டாட் எக்ஸ்எம்எல்லின் தலையில் 'மெட்டாடேட்டா கம்ப்ளீட்' என்பது 'ட்ரூ' என்று இருக்கிறதா. இருந்தால் அனோட்டேஷன் எதையும் பார்க்காதே என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு, பெயர் மாற்றம். 2020-ல் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் (ஜாவா ஈஈயின் இன்றைய பெயர்தான் ஜகார்த்தா ஈஈ) பேக்கேஜ் பெயர் எல்லாம் 'ஜாவாக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' என்று மாறியது. வைல்டுஃப்ளை 27, டாம்கேட் 10 எல்லாம் புதுப் பெயர்தான். புது சர்வரில் பழைய ஜாவாக்ஸ் இம்போர்ட்டோடு ஒரு அனோட்டேஷன் தங்கிவிட்டால், அந்தப் பழைய ஜாரும் லிப் ஃபோல்டரில் கிடந்துவிட்டால், எல்லாம் கம்பைல் ஆகும், டெப்ளாயும் ஆகும், இன்ஜெக்ஷன் மட்டும் நடக்காது. அப்புறம் வெறும் டாம்கேட்டில் ஈஜேபி கன்டெய்னரே கிடையாது. டாம்ஈஈ என்றால் உண்டு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஜேஎன்டிஐ பெயர். நெட்டில் ஆளுக்கொரு பெயர் இருப்பதற்குக் காரணம் அவர்கள் தப்பாகச் சொல்வது அல்ல, ஒவ்வொருவரும் அவரவர் சர்வருக்கு, அவரவர் காலத்துக்கு எழுதியிருக்கிறார்கள். 2006-ல் ஈஜேபி 3.0 வந்தபோது @ஈஜேபி வந்தது, ஆனால் குளோபல் பெயர் எப்படி இருக்கவேண்டும் என்று விதி போடவில்லை. ஜேபாஸில் ஈயர் (முழு ஆப்பையும் கட்டிய ஃபைல்) பெயர், சாய்கோடு, பீன் பெயர், சாய்கோடு, 'லோக்கல்' என்று ஒரு முறை. கிளாஸ்ஃபிஷில் ரிமோட் இன்டர்ஃபேஸின் முழுப் பெயர். வெப்லாஜிக்கில் மேப்டு நேமும் இன்டர்ஃபேஸ் பெயரும் நடுவில் ஹாஷ் குறியும். 2009 டிசம்பரில் ஜாவா ஈஈ 6 வந்தபோதுதான் எல்லா சர்வருக்கும் பொதுவான மூன்று பெயர்கள் விதியாயின. 'ஜாவா:குளோபல்' என்று தொடங்கி ஆப் பெயர், மாட்யூல் பெயர், பீன் பெயர் என்று சாய்கோடு போட்டு எழுதுவது ஒன்று. 'ஜாவா:ஆப்' என்றால் ஆப் பெயரை விட்டுவிடலாம், மாட்யூலும் பீனும் போதும். 'ஜாவா:மாட்யூல்' என்றால் பீன் பெயர் மட்டும். பீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இன்டர்ஃபேஸ் இருந்தால் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு இன்டர்ஃபேஸின் முழுப் பெயரை, பேக்கேஜோடு, சேர்க்கவேண்டும். வெப் பகுதியைக் கட்டிய வார் ஃபைலைத் தனியாக டெப்ளாய் செய்திருந்தால் குளோபல் பெயரில் ஆப் பெயர் என்ற பகுதியே வராது. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

வழுக்குகிற இன்னொரு இடம் மாட்யூல் பெயர். நீங்கள் தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால் ஃபைல் பெயர்தான் மாட்யூல் பெயர், கடைசியில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை மட்டும் எடுத்துவிட்டு. பில்ட் டூலான மேவன் கட்டிக்கொடுக்கிற ஃபைலில் வெர்ஷன் நம்பரும் ஒட்டிக்கொண்டு வருமே, 'ஆர்டர்-1.4' என்று, அப்படியானால் அதுதான் மாட்யூல் பெயர். 1.5 போட்ட அன்றைக்கு லுக்கப் உடைந்துவிடும், கோடில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. டிஸ்க்ரிப்டரில் மாட்யூல் நேம் என்று ஒரு டேக் இருக்கிறது, அதில் பெயரை நிலையாக வைத்துவிடுங்கள். பெயரை யூகிக்கவும் வேண்டாம். வைல்டுஃப்ளை மாதிரி சர்வர்கள் டெப்ளாய் ஆகும்போதே ஒவ்வொரு பீனுக்கும் எந்தெந்தப் பெயரில் பதிந்தது என்று லாக்கில் வரிவரியாக எழுதுகின்றன. லாக்கைத் திறந்து பீன் பெயரைத் தேடி, கிடைத்த வரியை அப்படியே காப்பி செய்யுங்கள். அந்த வரியே இல்லை என்றால் பிரச்சினை பெயரில் இல்லை, பீனே டெப்ளாய் ஆகவில்லை.

லுக்கப் சரியான பெயரோடு இருந்தும் கிடைக்காத ஒரு நிலைமை உண்டு. நீங்களே 'நியூ த்ரெட்' போட்டுத் தொடங்கிய த்ரெடில் 'ஜாவா:காம்ப்', 'ஜாவா:மாட்யூல்' என்று தேடினால், எந்த மாட்யூல் என்று கன்டெய்னருக்குத் தெரியாது. இரவில் ஓடுகிற ரிப்போர்ட்டுக்கு என்று தனி த்ரெட் போட்டவர்களுக்கு இது வரும். 2013-ல் ஜாவா ஈஈ 7-ல் வந்த மேனேஜ்டு எக்ஸிக்யூட்டர் சர்வீஸ் இதற்காகத்தான் இருக்கிறது. இல்லையென்றால் ஈஜேபியின் டைமரையே பயன்படுத்துங்கள்.

லுக்கப் கிடைத்து, காஸ்ட் செய்யும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸப்ஷன் வந்தால், அதுவும் 'ஆர்டர் சர்வீஸை ஆர்டர் சர்வீஸாக மாற்ற முடியாது' என்று ஒரே பெயரை இரண்டு தடவை சொன்னால், பயப்பட வேண்டாம். இன்டர்ஃபேஸ் இருக்கிற ஜார் இரண்டு இடத்தில் கிடக்கிறது: வாருக்குள் வெப்-இன்ஃப் லிப்பில் ஒன்று, ஈயருக்குள் லிப்பில் ஒன்று. இரண்டையும் வேறு வேறு கிளாஸ்லோடர் ஏற்றியிருக்கிறது, ஜாவாவுக்கு அவை இரண்டும் வேறு வேறு டைப். ஈயரின் லிப்பில் மட்டும் வைத்துக்கொண்டு வாரிலிருந்து எடுத்துவிடுங்கள். மேவனில் அந்த டிபென்டென்சிக்கு ஸ்கோப் 'ப்ரொவைடட்' என்று மாற்றினால் போதும்.

அடுத்தது லோக்கலா, ரிமோட்டா. உங்கள் வெப் கோடும் பீனும் ஒரே ஈயரில் அல்லது ஒரே வாரில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் லோக்கல்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரிமோட் என்பது துணியை வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவது மாதிரி: டிசி (டெலிவரி சலான்) போடவேண்டும், வண்டி ஏற்றவேண்டும், திரும்பி வந்ததை எண்ணவேண்டும். நம் யூனிட்டுக்குள்ளேயே அடுத்த டேபிளுக்குக் கொடுக்கிற துணிக்கு யாரும் வண்டி வைப்பதில்லை. ரிமோட்டில் நீங்கள் அனுப்புகிற ஆப்ஜெக்ட் சீரியலைஸ் ஆகி நகலாகப் போகும், பதிலும் நகலாக வரும். இதை ஒரு சின்ன உதாரணத்தில் பாருங்கள். சர்வ்லெட்டில் ஒரு காலி லிஸ்டை உண்டாக்கி பீனுக்கு அனுப்புகிறீர்கள், பீன் அதில் விலைகளை நிரப்புகிறது, ஆனால் ரிட்டர்ன் எதுவும் செய்வதில்லை. லோக்கலில் திரும்பி வந்து பார்த்தால் லிஸ்டில் விலைகள் இருக்கும். அதே மெத்தடை ரிமோட் ஆக்கினால் லிஸ்ட் காலியாகவே இருக்கும், ஏனென்றால் பீன் நிரப்பியது நகலை. எக்ஸப்ஷனும் இல்லை, லாக்கும் இல்லை, இன்வாய்ஸில் எல்லாம் பூஜ்யம். சீனியர் சொன்னபடி எல்லாவற்றையும் ரிமோட் ஆக்கினால் இந்த மாதிரி மெத்தடுகளை நீங்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும்.

வேகமும் ஒரு விஷயம். ஒரு ஸ்டைலில் 12 கலர், 7 சைஸ் என்றால் 84 வரி. ஒரு ஆர்டரில் 5 ஸ்டைல் இருந்தால் 420 வரி. வெப் சர்வரும் பீன் இருக்கும் சர்வரும் வேறு வேறு மெஷினில் இருந்து, பேக்கிங் லிஸ்ட் பக்கம் ஒவ்வொரு வரிக்கும் தனியாக விலை கேட்டால், ஒரு அழைப்புக்கு 20 மில்லிசெகண்டு என்று வைத்தாலும் 8 விநாடியைத் தாண்டுகிறது. நிஜமாகவே ரிமோட் தேவைப்படுகிற இடத்தில் 420 வரியையும் ஒரே லிஸ்டாகக் கொடுத்து ஒரே அழைப்பில் வாங்குகிற மெத்தட் எழுதவேண்டும்.

உங்கள் சீனியர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது, அவரைக் குறைசொல்ல மாட்டேன். 1998-ல் வந்த முதல் ஈஜேபியில் ரிமோட் தவிர வேறு வழியே கிடையாது, 2001-ல் 2.0-ல்தான் லோக்கல் இன்டர்ஃபேஸ் வந்தது. நாங்கள் தொழில் கற்றபோது ஹோம் இன்டர்ஃபேஸ், நேரோ செய்வது, சர்வீஸ் லொக்கேட்டர், பிசினஸ் டெலிகேட் என்று ஒரு பீனை அழைக்கவே ஐந்து கிளாஸ் எழுதுவோம். அந்தப் பாரம் தாங்காமல்தான் பலர் 2004-ல் ஸ்ப்ரிங் 1.0 வந்தபோது அந்தப் பக்கம் போனார்கள். இன்று ஈஜேபியில் இன்டர்ஃபேஸ்கூட இல்லாமல் கிளாஸை மட்டும் வைத்து இன்ஜெக்ட் செய்யலாம், வாருக்குள்ளேயே பீனை வைக்கலாம், இரண்டும் 3.1-லிருந்து உண்டு. அவர் பட்ட பாட்டுக்கு அன்று அந்த விடை பொருந்தியது.

ரெஸ்ட் போடச் சொன்னவருக்கு என் பதில்: மொபைல் ஆப் ஒன்று அழைக்கவேண்டும், அல்லது பையர் தரப்பு சிஸ்டம் அழைக்கவேண்டும், அல்லது அந்தப் பக்கம் ஜாவாவே இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். ஒரே ஈயருக்குள் இருக்கிற சர்வ்லெட்டும் பீனும் பேசிக்கொள்ள எச்டிடிபி வேண்டாம். டிரான்சாக்ஷனும் அந்தப் பக்கம் கூடவே போகாது, லாகின் செய்த ஆள் யார் என்பதும் தானாகப் போகாது, இரண்டையும் நீங்களே கட்டவேண்டும்.

கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது, ஏனென்றால் நீங்கள் அடுத்து இந்த வழியில்தான் வருவீர்கள். 2008-ல் திருப்பூரில் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் பதிவு ஸ்க்ரீன் எழுதினேன். ஸ்டைல், கலர், சைஸ், ரேஷியோ என்று நான்கு பக்கமாகப் போகும், அதனால் நடுவில் ஞாபகம் வைத்துக்கொள்ள ஸ்டேட்ஃபுல் பீன். அதை சர்வ்லெட்டின் ஃபீல்டில் @ஈஜேபி போட்டு வைத்தேன். நான் ஒருவனாக உட்கார்ந்து டெஸ்ட் செய்தவரை ஒரு குறையும் இல்லை. ஓட ஆரம்பித்து இரண்டாவது வாரம், திங்கட்கிழமை காலை, கட்டிங் மாஸ்டர் போன் செய்தார். "ஏனுங்க, ஒரே ஸ்டைலுல ரெண்டு வயசுக் கொழந்தை சைஸும் எக்ஸ்எல்லும் சேர்ந்து வருதுங்க, இதை எப்படீங்க வெட்டறது?" அவர் கேட்டது நல்லது, அப்படியே லே போட்டு வெட்டியிருந்தால் துணி போயிருக்கும். நடந்தது இதுதான்: ஒரு சர்வ்லெட்டுக்குச் சர்வரில் ஒரே ஒரு ஆப்ஜெக்ட், எத்தனை பேர் வந்தாலும் அதே ஆப்ஜெக்ட். அதன் ஃபீல்டில் இருந்த ஸ்டேட்ஃபுல் பீனும் எல்லாருக்கும் ஒன்றே. ஒரு மெர்ச்சண்டைசர் குழந்தைகள் நைட் சூட்டுக்கும், அடுத்த டேபிளில் இருந்தவர் ஆண்கள் போலோவுக்கும் ஒரே நேரத்தில் பதிவு போட, இருவருடைய வரிகளும் ஒரே கூடையில் விழுந்திருக்கின்றன. அன்று மதியம் அங்கேயே உட்கார்ந்து, முந்தைய வாரத்தில் பதிவான ஒவ்வொரு ஆர்டரையும் பையரின் ஷீட்டோடு மெர்ச்சண்டைசர்களும் நானும் வரிவரியாக ஒத்துப் பார்த்தோம், முடிய இரவு பத்தரை ஆனது.

ஆகவே ஸ்டேட்லெஸ் பீனை சர்வ்லெட் ஃபீல்டில் வைக்கலாம், ஆபத்தில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் கன்டெய்னர் அந்த நேரத்தில் சும்மா இருக்கிற ஒரு பீனைத்தான் கொடுக்கும், இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஒன்றைக் கொடுக்காது. ஸ்டேட்ஃபுல்லை அப்படி வைக்கவே கூடாது. பதிவு தொடங்கும்போது லுக்கப் செய்து (ஒவ்வொரு லுக்கப்புக்கும் புதிதாக ஒன்று வரும்) அதை அந்த ஆளின் எச்டிடிபி செஷனில் வைக்கவேண்டும், முடிந்ததும் @ரிமூவ் போட்ட மெத்தடை அழைக்கவேண்டும். சாப்பிடப் போய்த் திரும்பி வந்தவருக்கு பீன் டைம்அவுட் ஆகி 'நோ சச் ஈஜேபி' வரும், அதைப் பிடித்து முதல் பக்கத்துக்கு அனுப்பவேண்டும். இவ்வளவு வேலை இருப்பதால் இப்போதெல்லாம் நான் ஸ்டேட்ஃபுல்லையே தவிர்க்கிறேன். பாதி போட்ட ஆர்டரை 'டிராஃப்ட்' என்று டேட்டாபேஸிலேயே எழுதிவிட்டால் கரண்ட் போனாலும் அழியாமல் இருக்கும். இது என் விருப்பம், விதி இல்லை.

அப்புறம் ப்ராக்ஸி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதனால் வருகிற இரண்டு விளைவுகள். பீனுக்குள் ஒரு மெத்தடிலிருந்து அதே பீனின் இன்னொரு மெத்தடை நேராக அழைத்தால் அது ப்ராக்ஸி வழியாகப் போவதில்லை, சாதாரண ஜாவா அழைப்புதான். அந்த இரண்டாவது மெத்தடின் மேல் 'புது டிரான்சாக்ஷன் வேண்டும்' என்றோ 'பின்னணியில் ஓடு' என்றோ எழுதியிருந்தால் ஒன்றும் நடக்காது. இன்டர்ஃபேஸ் இல்லாத பீனில் பப்ளிக் ஃபீல்டு வைத்து சர்வ்லெட்டிலிருந்து அதை நேராகப் படிக்கவும் கூடாது, உங்கள் கையில் இருக்கும் ப்ராக்ஸியின் ஃபீல்டு காலியாகத்தான் இருக்கும். மெத்தட் மூலமாக மட்டும் போங்கள்.

டிரான்சாக்ஷனையும் இப்படியே யோசியுங்கள். சர்வ்லெட்டிலிருந்து பீனுக்குப் போகிற ஒவ்வொரு அழைப்பும், வேறு எதுவும் சொல்லாவிட்டால், தனி டிரான்சாக்ஷன். சர்வ்லெட்டில் முதலில் 'டிசி போடு', அடுத்த வரியில் 'ஸ்டாக்கைக் குறை' என்று இரண்டு அழைப்பு வைத்தால், இரண்டாவது விழுந்தாலும் முதலாவது கமிட் ஆகிவிட்டிருக்கும். டிசி இருக்கும், ஸ்டாக் குறைந்திருக்காது. இரண்டையும் பீனுக்குள் ஒரே மெத்தடில் வைத்து, சர்வ்லெட் அதை ஒரு தடவை மட்டும் அழைக்கட்டும். எக்ஸப்ஷனில் ஒரு சூட்சுமம்: பீனிலிருந்து ரன்டைம் எக்ஸப்ஷன் வந்தால் கன்டெய்னர் ரோல்பேக் செய்து (அதுவரை நடந்ததை ரத்து செய்து), ஈஜேபி எக்ஸப்ஷனில் சுற்றி உங்களுக்குத் தரும், உண்மையான காரணம் அதன் 'காஸ்' உள்ளே இருக்கும். ஆனால் நீங்களே எழுதிய செக்டு எக்ஸப்ஷனுக்கு ரோல்பேக் தானாக நடக்காது, @அப்ளிகேஷன்எக்ஸப்ஷனில் 'ரோல்பேக் ட்ரூ' என்று சொன்னால்தான் நடக்கும். 'ஸ்டாக் போதவில்லை' என்று எக்ஸப்ஷன் எறிந்தோம், எல்லாம் திரும்பிவிட்டிருக்கும் என்று நம்பியிருப்பவர்கள் உடனே போய் அந்தக் கிளாஸைத் திறந்து பாருங்கள். பீனின் மெத்தட் முடிந்தவுடன் டிரான்சாக்ஷனும் முடிந்துவிடுவதால், திரும்பி வந்த ஆர்டரின் சைஸ் லிஸ்டை ஜேஎஸ்பியில் விரிக்கும்போது டேட்டாபேஸ் லைப்ரரி ஹைபர்னேட்டாக இருந்தால் 'லேஸி இனிஷியலைசேஷன்' எக்ஸப்ஷன் வரும். பக்கத்துக்குத் தேவையானதை பீனுக்குள்ளேயே ஃபெட்ச் ஜாயின் போட்டு எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

உங்கள் கேஸுக்கு வருகிறேன். ஹெல்பரில் நல் வருவதற்குக் காரணம் 'நியூ' என்பதில் உறுதியாக இருக்கிறேன், நீங்கள் எழுதியதிலேயே அது தெரிகிறது. லுக்கப் ஏன் கிடைக்கவில்லை என்பதில் அந்த உறுதி இல்லை. வார் தனியாக டெப்ளாய் ஆகி, நீங்கள் ஆப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஃபைல் பெயரில் வெர்ஷன் ஒட்டியிருக்கலாம். ஜேபாஸ் காலத்துப் பெயரைப் போட்டிருக்கலாம். முதலாவதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன், ஆனால் லாக்கைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். முதலில் ஹெல்பரின் கன்ஸ்ட்ரக்டருக்கு பீனை அனுப்பிப் பாருங்கள், பத்து நிமிட வேலை, பெரும்பாலும் லுக்கப்பே தேவைப்படாது. அதற்கு மேலும் வேண்டும் என்றால் சர்வர் பெயரும் வெர்ஷனும், டெப்ளாய் செய்கிற ஃபைலின் முழுப் பெயர், லாக்கில் உங்கள் பீன் பெயர் வருகிற வரிகள், லுக்கப்பில் நீங்கள் எழுதிய வரி, இந்த நான்கையும் இதற்குக் கீழேயே போடுங்கள். பாஸ்வேர்டு, பையர் பெயர் ஏதாவது அதில் இருந்தால் அழித்துவிட்டுப் போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.